பத்துச் சாமான் கவுன்டரும் "ஆருட மகள் நீ?" என்ற கேள்வியும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஏசுவதாக இருந்தால் ஏசுங்கள், ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள். முதல் ஏச்சு எங்களுக்குத்தான் விழவேண்டும் என்பது கடைசியில் விளங்கும்.

போன நோன்பில் ஒரு பின்னேரம். நோன்பு திறக்க அரை மணித்தியாலம்கூட இல்லை. வீட்டில் ரோஸ் மில்க்குக்குப் பால் இல்லை என்று எங்களை சுப்பர் மார்க்கட்டுக்கு அனுப்பினார்கள். கடையின் பெயர் வேண்டாம், ஊரின் பெயரும் வேண்டாம். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை என்று எந்த ஊரைப் போட்டாலும் கதை மாறாது.

இரண்டு பால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு "10 பொருட்கள் அல்லது அதற்குக் குறைவு" என்று பலகை தொங்கும் கவுன்டருக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர். எங்களுக்கு நேர் முன்னால் நின்றவர் மேசன் வேலை செய்யும் ஒருவர் போல. சாரனிலும் கையிலும் சீமெந்துக் கறை. கையில் 400 கிராம் பால்மா ஒன்று, சின்னப் பேரீத்தம்பழப் பக்கற் ஒன்று. அவ்வளவுதான்.

வரிசைக்கு ஆக முன்னால் ஒரு ட்ரொலி. கூடை இல்லை, ட்ரொலி. அரிசி, எண்ணெய், கடலை மா, யோகட், நூடுல்ஸ், பெருநாளைக்கான பிஸ்கட் டின்கள் என்று மலை மாதிரிக் குவிந்திருந்தது. தள்ளிக்கொண்டு நின்றவர் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய மனிதர். அவரை அடையாளம் காட்டுவது எங்கள் நோக்கமல்ல, ஏனென்றால் அவர் ஓர் ஆளல்ல. ஊருக்குப் பத்துப் பேர் அப்படி இருக்கிறார்கள்.

கெஷியர் பிள்ளை எங்களிடம் எட்டாம் ஆண்டு படித்தவள். மெதுவாகத்தான் சொன்னாள். "சேர், இது பத்துச் சாமானுக்குள்ள எடுத்தாக்கள்ற கவுன்டர். அங்கால மூணாம் நம்பருக்குப் போறீங்களா?"

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆருட மகள் புள்ள நீ?"

அந்தப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. வாப்பாவின் பெயரைச் சொன்னாள். "ஆ... அவர்ர மகளா?" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அவள் அரிசிப் பையை இழுத்து பில் அடிக்கத் தொடங்கினாள்.

ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் இந்தக் கேள்வியின் பொருள் தெரியும். அன்பாகவும் கேட்பார்கள், பயமுறுத்தவும் கேட்பார்கள். அன்று கேட்கப்பட்டது இரண்டாவது வகை. "உன் வாப்பாவை எனக்குத் தெரியும், உன் முதலாளியையும் எனக்குத் தெரியும், சட்டம் பேசாமல் வேலையைப் பார்" என்பதுதான் அதன் முழு வாசகம்.

வரிசையில் நின்ற நாங்கள் என்ன செய்தோம்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றி ஒரு பாட நேரம் முழுக்கப் பேசுகிற வாய் அன்று மூடிக்கொண்டது. நோன்பு என்று காரணம் சொல்லிக்கொண்டோம்.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டோம். மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முதல் சில விஷயங்களைப் பேசவேண்டும்.

"இது ஒரு பெரிய விஷயமா சேர்?" என்று கொமன்டில் கேட்க ஆட்கள் வருவார்கள் என்று தெரியும். ஊரில் போதைப்பொருள் இருக்கிறது, கடன் இருக்கிறது, உலகில் யுத்தம் இருக்கிறது, இந்தச் சேருக்குக் கவுன்டர்தான் கிடைத்ததா என்பார்கள். பெரிய பிரச்சினைகளைப் பேசவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பெரிய பிரச்சினைகளில் நம்மில் பெரும்பாலோர் கையில் ஒன்றும் இல்லை. கவுன்டரில் எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது. ட்ரொலியின் கைபிடியே நம் கையில்தான் இருக்கிறது.

அந்தக் கவுன்டர் எதற்காக இருக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். ஒரு சாமானை எடுத்து, பார்கோடைத் தேடி, மெஷினில் காட்டி, பையில் போட நாலு செக்கன் என்று வைத்துக்கொள்வோம். பத்துச் சாமானுக்கு 40 செக்கன். நாற்பது சாமானுக்கு 160 செக்கன். வித்தியாசம் 120 செக்கன், அதாவது இரண்டு நிமிடம். "ரெண்டு நிமிஷம்தானே" என்பீர்கள். உங்களுக்கு இரண்டு நிமிடம். பின்னால் ஆறு பேர் நின்றால் ஆளுக்கு இரண்டு நிமிடம், மொத்தம் 12 நிமிடம் உங்களால் போய்விட்டது. ஒரு நாளைக்கு இருபது பேர் இப்படிச் செய்தால் 240 நிமிடம், நாலு மணித்தியாலம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குச் செய்யத் தெரிந்த கணக்கு இது. மரக்கறியை நிறுத்து ஸ்டிக்கர் ஒட்டாமல் கொண்டுவருவதும், காட் வேலை செய்யாமல் போவதும், பொயின்ட்ஸுக்குப் போன் நம்பரை மூன்று தரம் சொல்வதும் இந்தக் கணக்கில் இல்லை.

ஒரு பால்மாவுக்கு வந்தவன் நாற்பது சாமானுக்குப் பின்னால் காத்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பலகை தொங்குகிறது. யார் ஒரு பால்மாவுக்கு வருகிறார்? மாதச் சாமானை ஒரேயடியாக வாங்க முடியாதவர். நாட்கூலி கிடைத்த பின்னேரத்தில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்குகிறவர். ஓட்டோவை வெளியே நிற்பாட்டிவிட்டு ஓடிவருகிறவர். ஆகவே ட்ரொலியை அந்தக் கவுன்டருக்குள் தள்ளும்போது, பெரும்பாலும் நம்மைவிடக் குறைந்த வசதி உள்ளவரின் நேரத்தைத்தான் எடுக்கிறோம். இதுதான் இதிலுள்ள அநியாயம்.

இதைச் செய்கிறவர்களில் பல வகை உண்டு. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

முதலாவது வகை, எண்ணத் தெரியாதது போல் நடிக்கிறவர்கள். "பத்தோ பதினைஞ்சோதான் இரிக்கும் புள்ள" என்பார்கள். முப்பது இருக்கும்.

இரண்டாவது வகை, பில்லைப் பிரிக்கிறவர்கள். முப்பது சாமானை வாப்பாவுக்குப் பத்து, உம்மாவுக்குப் பத்து, பிள்ளைக்குப் பத்து என்று பிரித்து மூன்று பில் போடச் சொல்வார்கள். சட்டத்தைக் காப்பாற்றியும் ஆச்சு, மற்றவனை ஏமாற்றியும் ஆச்சு. பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அன்று நாம் ஒரு பாடம் நடத்திவிட்டோம். பாடசாலையில் நாங்கள் பத்து வருஷம் படிப்பித்தாலும் அதை அழிக்க முடியாது.

மூன்றாவது வகை, கூடையை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள். கூடையை வரிசையில் வைத்துவிட்டுக் கடைக்குள் சுற்றுவார்கள். முறை வந்ததும், "ஒரு நிமிஷம், சீனி எடுக்க மறந்துட்டன்" என்று திரும்பவும் ஓடுவார்கள். பாதி பில் அடித்த நிலையில் கெஷியர் பிள்ளையும் நாமும் சிலை மாதிரி நிற்கவேண்டும்.

நாலாவது வகை, "ஒரே சாமான்தான்" என்று பக்கவாட்டால் வந்து கையை நீட்டுகிறவர்கள். அந்த வரிசையில் நிற்கிற எல்லோருமே ஒன்றிரண்டு சாமான்காரர்கள்தான் என்பது அவர்களுக்குக் கண்ணில் படாது.

ஐந்தாவது வகைதான் நம் ஊர்களின் விசேஷம். வரிசையில் தெரிந்த முகத்தைத் தேடுகிறவர்கள். "மச்சான், இதையும் உன்ட பில்லோட போடு." "காக்கா, நான் உங்களுக்கு முன்னுக்கு நிக்கட்டா?" நாமும், "அதுக்கென்ன, வாங்க" என்கிறோம். சொல்லிவிட்டு நல்லது செய்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

இந்த ஐந்தாவது வகையில் கொஞ்சம் நிற்போம், ஏனென்றால் நல்ல மனிதர்கள் தவறுவது இங்கேதான். நமக்கு முன்னால் ஒருவரை விடும்போது நாம் எதைக் கொடுக்கிறோம்? நம் இடத்தை மட்டுமா? இல்லை. நமக்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொருவரின் இடத்தையும் ஓர் அடி பின்னால் தள்ளுகிறோம். அவர்களுடைய பொருளை எடுத்து நம் சினேகிதனுக்கு ஹதியாக் கொடுக்கிறோம். உண்மையிலேயே தாராளம் காட்டவேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. நம் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, நாம் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்கவேண்டும். அதுதான் விட்டுக்கொடுத்தல். அப்படி எத்தனை பேர் செய்கிறோம்?

ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வாழ்க்கையில் ஒரு நிகழ்வு புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அவர்களிடம் ஒரு பானம் கொண்டுவரப்பட்டது. அவர்கள் அருந்தினார்கள். வலப் பக்கத்தில் ஒரு சிறுவர், இடப் பக்கத்தில் வயது முதிர்ந்தவர்கள். வலப் பக்கத்துக்குக் கொடுப்பதுதான் முறை. முதியவர்களுக்கு முதலில் கொடுக்க அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். சிறுவர், உங்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பங்கை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்ற கருத்தில் பதில் சொன்னார். பாத்திரம் அவருடைய கையிலேயே வைக்கப்பட்டது.

இதை நாங்கள் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறோம். "வலது பக்கத்தால் ஆரம்பிக்கவேண்டும்" என்ற பாடமாகத்தான் சொல்லியிருக்கிறோம். அன்று கவுன்டரில் நின்றபோதுதான் மற்றப் பாடம் விளங்கியது. ஒரு சமூகத்தின் தலைவர், அல்லாஹ்வின் தூதர், ஒரு சின்னப் பையனின் முறையை எடுப்பதற்கு அவனிடமே அனுமதி கேட்கிறார்கள். அவன் இல்லை என்றதும் அது இல்லைதான். பக்கத்தில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பது அவனுடைய உரிமையை அழிக்கவில்லை. "ஆருட மகன் நீ?" என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஜும்ஆவுக்குப் பிந்தி வந்து, இருப்பவர்களின் தோளைத் தாண்டித் தாண்டி முன் ஸஃப்புக்குப் போவது தடுக்கப்பட்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அப்படி வந்த ஒருவரை, மக்களுக்குத் தொல்லை கொடுத்துவிட்டீர், உட்காரும் என்ற கருத்தில் நபியவர்கள் கண்டித்த செய்தியும் இருக்கிறது. முன் ஸஃப்பின் நன்மைக்காகக்கூட மற்றவனின் தோளைத் தாண்டக்கூடாது என்றால், பிஸ்கட் டின்னுக்காகத் தாண்டலாமா?

நாளுக்கு ஐந்து தரம் ஸஃப்பில் நிற்கிற சமூகம் நாம். இமாம் திரும்பிப் பார்த்து, ஸஃப்பை நேராக்குங்கள் என்கிறார். காலை நகர்த்துகிறோம், தோளைச் சேர்க்கிறோம். மில்லுக்காரரும் மூட்டை தூக்குகிறவரும் ஒரே கோட்டில். பள்ளி வாசலைத் தாண்டிச் செருப்பைப் போட்டதும் அந்தக் கோடு எங்கே போகிறது?

"வரிசை வெள்ளைக்காரன்ட பழக்கம், நம்மட ஆக்களுக்கு வராது" என்றும் சிலர் சொல்கிறார்கள். அதிலும் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. நம் சில்லறைக் கடையில் வரிசை இல்லை. கடைக்காரர் உள்ளே நிற்பார், நாம் வெளியே குவிந்து நின்று, "மொதலாளி, கால் கிலோ சீனி" என்று சத்தம் போடுவோம். யாருடைய சத்தம் பெரிதோ, யாருடைய முகம் தெரிந்ததோ, அவருக்கு முதலில். ஆட்களே உள்ளே போய்ச் சாமானை எடுத்துக்கொண்டு வந்து கடைசியில் கவுன்டரில் காசு கட்டும் முறையை 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் தன் கடையில் தொடங்கினார். அந்தக் கடை முறை நம் ஊருக்கும் வந்துவிட்டது. ஏசி வந்தது, ட்ரொலி வந்தது, காட் மெஷின் வந்தது. நாம் மட்டும் இன்னும் பழைய கடையின் முன்னால் நின்று சத்தம் போடுகிறோம்.

ஆனால் நமக்கு வரிசை தெரியாது என்பது பொய். நம் மூத்தவர்களிடம் கேளுங்கள். 1970க்கும் 1977க்கும் இடையில் ஸ்ரீமாவோ அம்மையாரின் ஆட்சியில் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற கதையைச் சொல்வார்கள். அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? 2022ஐ மறந்துவிட்டோமா? கேஸ் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டு, கயிறு கட்டி வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வந்தோமே. பெற்றோல் ஷெட்டுக்கு முன்னால் இரவு முழுக்க ஓட்டோவுக்குள் தூங்கினோமே. வரிசையில் நின்றே நாட்டில் ஆட்கள் மவுத்தானார்கள். அந்த நாட்களில் பின்கதவால் டோக்கன் வாங்கியவனை நாம் என்னவெல்லாம் ஏசினோம்? இன்று அவனும் நாமும் ஒன்றா இல்லையா?

அந்த வருஷம் ஜூலையில் கியூஆர் முறை வந்தது. போனைக் காட்டினால்தான் பெற்றோல். கோட்டா முடிந்தால் முடிந்ததுதான். பெரிய மனிதர்களும் வாயைப் பொத்திக்கொண்டு போனை நீட்டினார்கள். ஏன்? அந்த மெஷினிடம் "ஆருட மகன் நீ?" என்று கேட்க முடியாது. மெஷின் சொன்னால் கேட்கிறோம். அதே விதியை ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை சொன்னால் அவளுடைய வாப்பாவின் பெயரைக் கேட்கிறோம். நமக்கு விதியில் பிரச்சினை இல்லை, அதைச் சொல்கிறவர் யார் என்பதில்தான் பிரச்சினை.

நோன்புக் கஞ்சி எடுக்கப் பள்ளிக்கு வரும் சின்னப் பிள்ளைகளைப் பாருங்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு சட்டியும் வாளியும் வரிசையாக இருக்கும். ஒரு பிள்ளை தன் வாளியை முன்னால் வைத்தால் மற்றப் பிள்ளைகள் ஊரைக் கூட்டிவிடும். "டேய், அது என்ட இடம்!" அந்தப் பிள்ளைகளுக்கு உரிமை என்றால் என்னவென்று தெரிகிறது, அதைக் கேட்கவும் வாய் இருக்கிறது. இருபது வருஷத்தில் அந்த வாயை மூடவைத்து, "பெரியாக்களோட கதைக்கப் போகாத" என்று பழக்குவது நாம்தான். பாடசாலையிலும் பழக்குகிறோம், வீட்டிலும் பழக்குகிறோம்.

இனி கடைக்காரர்களுக்கும் சில வார்த்தைகள். குற்றம் முழுக்க வாடிக்கையாளர் தலையில் போட முடியாது. ஐந்து கவுன்டர் கட்டி வைத்துவிட்டு நோன்புப் பின்னேரத்தில் இரண்டை மட்டும் திறந்தால், பெரிய ட்ரொலிக்காரர் எங்கே போவார்? பலகையைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதுங்கள். வரிசை தொடங்கும் இடத்திலேயே தொங்கவிடுங்கள், கெஷியரின் தலைக்கு மேல் அல்ல. ஆறு யோகட் கப் ஒரு சாமானா ஆறு சாமானா என்பதையும் எழுதிவிடுங்கள். வரிசை வெறுமையாக இருக்கும்போது மற்றவர்களைக் கெஷியரே கூப்பிடட்டும், அதில் யாருக்கும் நட்டமில்லை.

முக்கியமானது வேறொன்று. "இல்லை" என்று சொல்லும் வேலையை 20 வயதுப் பிள்ளையின் தலையில் போடாதீர்கள். விதி உங்களுடையது, அதைச் சொல்லவேண்டியது மெனேஜர். அவள் சொல்லிவிட்டால் அவளுக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள். பெரிய மனிதர் முறைத்ததும் மெனேஜரே ஓடிவந்து, "சேருக்குப் போட்டுக் குடுங்க" என்றால் அந்தப் பலகையைக் கழற்றிவிடுங்கள். பொய்ப் பலகை எதற்கு?

பின்னால் நிற்கிற நமக்கும் வேலை இருக்கிறது. சண்டை பிடிக்கச் சொல்லவில்லை, வீடியோ எடுத்து முகநூலில் போடவும் சொல்லவில்லை. அது ஒருவருடைய மானத்தோடு விளையாடுவது. கெஷியர் பிள்ளையிடம் சத்தம் போடவேண்டாம், அவள் ஏற்கெனவே நடுவில் மாட்டிக்கொண்டவள். ட்ரொலியை வைத்திருப்பவரிடமே ஸலாம் சொல்லிக் கதையுங்கள். "காக்கா, இது பத்துச் சாமான் கவுன்டர். மூணாம் நம்பர்ல ஆள் குறைவா இரிக்கி." அவ்வளவு போதும். கவனிக்காமல் வந்தவர் வெட்கப்பட்டுப் போய்விடுவார். அப்படி வருகிறவர்களும் நிறையப் பேர், எல்லோரையும் அநியாயக்காரன் என்று நினைக்கவேண்டாம். வேண்டுமென்றே வந்தவர் முறைப்பார். முறைக்கட்டும். ஒருவர் சொன்னால் இன்னும் இரண்டு பேர் "ஓம் காக்கா" என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை தனித்துப் போகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கர்ப்பிணிப் பெண், கைக்குழந்தைக்காரி, நிற்க முடியாத வயோதிபர், மருந்து வாங்கிக்கொண்டு ஹொஸ்பிட்டலுக்கு ஓடுகிறவர் வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முன்னால் விடத்தான் வேண்டும். விடும்போது பின்னால் திரும்பி, "இவவ முதல்ல விடுவமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள். கேட்டுவிட்டு விட்டால் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் நன்மையில் பங்கு. கேட்காமல் விட்டால் அவர்களிடமிருந்து எடுத்தது.

"மற்றச் சமூகம் நம்மைப் பார்க்கிறது, ஆகவே ஒழுங்காக நடப்போம்" என்று சிலர் எழுதுவார்கள். நாங்கள் அதைச் சொல்லப்போவதில்லை. மற்றவன் பார்க்கிறான் என்பதற்காக நடந்தால், அவன் பார்க்காத ஊரில் நடக்கமாட்டோம். பின்னால் நிற்கிற மனிதனுக்கு ஓர் உரிமை இருக்கிறது, அதற்காக நடப்போம். அளவில் மோசடி செய்கிறவர்களைக் கண்டிக்க ஒரு தனி ஸூராவே இருக்கிறது. தமக்கு எடுக்கும்போது நிறைவாக எடுத்து, மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது குறைக்கிறவர்களைப் பற்றியது அது. அது தராசுக்காரனுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். நேரத்தையும் நிறுக்கலாம்.

இப்போது மிச்சக் கதை.

அந்தப் பெரிய மனிதரின் சாமான்கள் பில் ஆகிக்கொண்டிருந்தன. அவர் திரும்பிப் பார்த்தார். எங்களைக் கண்டார். "ஆ, சேர்! பின்னுக்கு நிக்கிறீங்களா? இங்கால வாங்க, முன்னுக்கு வாங்க. நோன்பு துறக்கிற நேரம். புள்ள, சேர்ர ரெண்டு பாலையும் போட்டுக் குடுங்க முதல்ல" என்றார்.

நாங்கள் போனோம்.

ஒரு தரம் "பரவாயில்லை" என்றோம், ஒப்புக்கு. இரண்டாம் தரம் கூப்பிட்டதும் போனோம். மேசன் காக்காவைத் தாண்டி, அவருக்கு முன்னால் நின்ற எல்லோரையும் தாண்டிப் போனோம். அவர் ஓர் அடி விலகி வழியும் விட்டார். சேர் என்று வழி விட்டார். எங்கள் பழைய மாணவி பால் பெட்டி இரண்டையும் பில் அடித்தாள். மிச்சச் சல்லியைத் தரும்போது ஒரு தரம் எங்கள் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். எட்டாம் ஆண்டில் அவளுக்கு நாங்கள் படிப்பித்த எல்லாம் அந்தப் பார்வையில் முடிந்துவிட்டது.

நேரத்துக்கு வீட்டுக்குப் போனோம். பாங்கு சொன்னது. நோன்பு திறந்தோம். ரோஸ் மில்க் தொண்டைக்குள் இறங்கியது, அது யாருடைய நேரத்தில் வந்தது என்பது பிறகுதான் உறைத்தது. அந்த மனிதர் நேரத்துக்கு வீட்டுக்குப் போனாரா? அந்தப் பால்மா யாருக்கு? வீட்டில் சின்னப் பிள்ளை இருந்ததா? தெரியாது.

அடுத்த நாள் கடைக்குப் போய் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவால்ல சேர், இது டெய்லி நடக்கிறதானே" என்றாள். டெய்லி நடக்கிறது என்றாள்.

அந்த மேசன் காக்காவைத் தேடினோம். கிடைக்கவில்லை. பெயர் தெரியாது, வீடு தெரியாது. அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அல்லாஹ்விடம் அழுது கேட்கலாம். அடியானின் ஹக்கை அந்த அடியானிடமே கேட்கவேண்டும் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நாங்களும் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இரண்டு மூன்று நிமிடம்தான். ஆனால் கடன் கடன்தான்.

இந்தப் பதிவைச் சுற்றி வளைத்து எழுதியதற்கு உண்மையான காரணம் இதுதான். போன நோன்பில் ஒரு பின்னேரம், கையில் 400 கிராம் பால்மாவும் ஒரு பேரீத்தம்பழப் பக்கற்றும் வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ் கவுன்டரில் நின்றவரே, உங்களைத் தாண்டிப் போன சேர் நாங்கள்தான். இதை வாசித்தால், அல்லது யாராவது உங்களுக்கு வாசித்துச் சொன்னால், எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் வந்து கேட்கவும் ஆயத்தமாக இருக்கிறோம். அன்று வரிசையில் நின்ற மற்றவர்களிடமும் இதையே கேட்கிறோம்.

அந்தப் பெரிய மனிதரும் இதை வாசிப்பார். தன்னைத்தான் என்று விளங்கிக்கொள்வார். சேர், உங்களோடு எங்களுக்குக் கோபமில்லை. நீங்கள் பாடசாலைக்குச் செய்த உதவிகளை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு நீங்களும் ஒருநாள் போய் மன்னிப்புக் கேளுங்கள். அவளுடைய வாப்பா யாராக இருந்தால் என்ன? அவள் சொன்னது சரி.

அடுத்த நோன்பு தூரத்தில் இல்லை. அதே கவுன்டர், அதே பலகை, அதே பிள்ளை. நாம் ட்ரொலியை எந்தப் பக்கம் தள்ளப் போகிறோம் என்பதை இப்போதே முடிவு செய்வோம்.

சரியென்று பட்டால் பகிருங்கள். எங்கள் எழுத்தில் தவறிருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். அல்லாஹ் நம் எல்லோரையும் பொறுத்துக்கொள்வானாக. ஆமீன்.